சொல்லி அனுப்புறோம்

எர்ணாவூர்ப் பக்கம் 'நோட்டீஸ்' என்றால் பல பொருள் உண்டு. கூட்டத்துக்கு முந்தின நாள் ஷேர் ஆட்டோவில் வீசிக்கொண்டு போகிற பிட் நோட்டீஸ் ஒன்று. செத்தவர் படம் போட்டு விளக்குக் கம்பத்தில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்று. கால்வாய் ஓரத்தைக் காலி செய் என்று குடிசைக் கதவில் பசை காயாமல் ஒட்டிவிட்டுப் போகிற நோட்டீஸ் இன்னொன்று. நகைக்கடன் வட்டி கட்டாவிட்டால் பேங்கிலிருந்து வருவதும் நோட்டீஸ்தான். ஆனால் வேலையை விட்டு ஒருவரை அனுப்புவதற்கும் ஒரு நோட்டீஸ் உண்டு, அதை ஒரு மாதம் முன்னால் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று சுனாமி குடியிருப்பில் உட்கார்ந்து பேசினால் பாதிப்பேர் சிரிப்பார்கள். "அதெல்லாம் கம்பெனி ஆளுங்களுக்குப்பா" என்பார்கள். கம்பெனிக்குள்ளேயே பத்து வருஷம் வேலை பார்த்தவரும் அப்படித்தான் சொல்வார். கம்பெனியில் வேலை செய்வது வேறு, கம்பெனி ஆளாக இருப்பது வேறு என்பது எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்களுக்குக் கிடைக்கிற நோட்டீஸ் இரண்டே சொல்தான். "சொல்லி அனுப்புறோம்." நாளையிலிருந்து வர வேண்டாம், ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு யாரும் வந்ததில்லை.

வேலை போனதைச் சொல்ல நம் பேச்சில் எத்தனை சொற்கள்! சீட்டைக் கிழிச்சிட்டாங்க, கல்தா குடுத்துட்டாங்க, தூக்கிட்டாங்க, நிறுத்திட்டாங்க. இத்தனை இருந்தும் வேலை போனவர் தன் வாயால் சொல்வது பெரும்பாலும் "நின்னுட்டேன்" என்பதுதான். நிறுத்தப்பட்டவர் தானே நின்றதாகச் சொல்கிறார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, தனக்கு நடந்ததைத் தான் செய்ததாக மாற்றுகிறார். இலக்கணம் படித்தவர்கள் இதைப் பிறவினை, தன்வினை என்று பிரித்துப் பாடம் நடத்தலாம். வேலையோடு சேர்த்து அந்தச் செயலுக்கு ஒரு எழுவாய்கூட இல்லாமல் போய்விட்டது என்பதுதான் நான் கவனிப்பது. அனுப்பியவர் யார்? கம்பெனி 'எங்கள் ஆள் இல்லை' என்கிறது. கான்ட்ராக்டர் 'கம்பெனி சொல்லிச்சு' என்கிறார். சூப்பர்வைசர் 'எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, லிஸ்ட்ல பேரு இல்ல' என்கிறார்.

இங்கே கேட்க வேண்டியது அறம் பற்றிய ஒரு கேள்வி. ஒரு மனிதருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற கடமை எங்கிருந்து வருகிறது? யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லத் தேவையில்லை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

சட்டத்தின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தில், 1953-ல் சேர்த்த அத்தியாயப்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும். அல்லது அந்த மாதக் கூலியைத் தரவேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலியை இழப்பீடாகத் தரவேண்டும். ஒரு வருடம் என்பதற்கு 12 மாதத்தில் 240 நாள் என்று கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய் அதன் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒரு மாதமும், 15 நாளும், 240-ம் அதிலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு முன்னால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி முன்பு 100 பேருக்கு மேல் உள்ள இடத்துக்குப் பொருந்தியது, இப்போது 300. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஆறு மாதம் வேலை செய்திருந்தால் போதும், தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் அனுப்ப முடியாது. ஜவுளிக்கடையில் நிற்கிற நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கதை.

இந்தச் சட்டங்களைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது யாருக்கு இது கிடையாது என்று சொல்கிற வரியைத்தான். 1946 நிலையாணைச் சட்டத்தின் மாதிரி ஆணைகளில் அந்த வரி தெளிவாக இருந்தது. மாதச் சம்பள நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாதம், மற்ற நிரந்தரத் தொழிலாளிகளுக்கு இரண்டு வாரம். தற்காலிகத் தொழிலாளி, பதிலி, தகுதிகாண் நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு நோட்டீசும் இல்லை, அதற்குப் பதிலான கூலியும் இல்லை. வீட்டு வேலை செய்கிறவர்களையோ புதிய தொகுப்பு 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது. வாட்ச்மேனிடம் சொல்லி, "அந்தம்மாவை மேல வர வேணாம்னு சொல்லிடு" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்களே, அதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் கிடையாது.

தமிழ் எம்.ஏ. படித்தபோது புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை எங்களுக்கு 'அறப்போர்' என்ற தலைப்பில் நடத்தினார்கள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. போர் தொடங்குவதற்கு முன்னால் பகைநாட்டில் அறிவிக்கிறார்கள்: பசுக்களே, பார்ப்பனரே, பெண்களே, நோயாளிகளே, தென்புலத்தாருக்குக் கடன் செய்யப் பிள்ளை பெறாதவர்களே, உங்களுக்கான பாதுகாப்பைத் தேடிக்கொள்ளுங்கள், அம்பு விடப் போகிறோம். தமிழனின் போர் அறம் எவ்வளவு உயர்ந்தது என்று வகுப்பே பூரித்தது. நல்ல அறம்தான், சந்தேகமில்லை. முன்னால் சொல்லிவிட்டு அடிக்கிறான். ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிக்க வேண்டும். பசு இருக்கிறது. பசுவை மேய்த்தவன் இல்லை. பிள்ளை இல்லாதவன் இருக்கிறான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வயலில் நாற்று நடுகிறவன் இல்லை. சங்கப் பாட்டில் படை போன இடமெல்லாம் வயல்தான் முதலில் எரிகிறது. அந்த வயலில் நின்றவனுக்கு யார் சொன்னார்கள்?

முன்னறிவிப்பு என்பது எப்போதும் ஒரு பட்டியலோடுதான் வருகிறது. இன்னாரின் வாழ்க்கை தொடர வேண்டும், அதனால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாரோ எழுதுகிற பட்டியல். அந்தக் காலத்தில் பசுவும் பார்ப்பனரும். இந்தக் காலத்தில் 240 நாள் முடித்தவர்.

அந்த 240-ஐ எப்படி முடிக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு எங்க நைனா கதையே போதும். எண்ணூர் விரைவு சாலையில் ராத்திரி பகலாக டிரெய்லர் லாரி நிற்கிறதே, அந்த லாரிகள் போய்ச் சேருகிற ஒரு கன்டெய்னர் யார்டில் பதினொரு வருஷம் லோடிங் வேலை. (யார்டு பெயர் வேண்டாம்.) பதினொரு வருஷமும் ஒரே கேட், ஒரே ஷெட், ஒரே குடிதண்ணீர்க் குழாய். ஆனால் காகிதத்தில் பார்த்தால் நைனா எங்கேயும் ஒரு வருஷம் வேலை பார்க்கவே இல்லை. ஆறு மாசம் கான்ட்ராக்டர் பேரில் இருக்கிற லைசென்சில் கூலி, அடுத்த ஆறு மாசம் அவர் மச்சான் பேரில் இருக்கிற லைசென்சில். கார்டு மாறும், பி.எஃப். நம்பர் மாறும். தோளில் ஏறுகிற மூட்டை மட்டும் மாறாது. இதற்கும் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. கான்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் யார்டுதான் உண்மையான முதலாளி என்று கோர்ட்டு சொல்லலாம். நிரூபிக்க வேண்டியது நைனா. 2001-ல் உச்சநீதிமன்றம் எஃகு ஆணைய வழக்கில், ஒப்பந்த முறையை அரசு தடைசெய்தால்கூட அந்தத் தொழிலாளிகள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2002-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, 240 நாள் வேலை செய்தேன் என்பதைத் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. மஸ்டர் ரோல் இருப்பது முதலாளியின் பீரோவில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டில் நிறுத்தி, "தலைவா, லிஸ்ட்ல பேரு இல்ல, நீ கெளம்பு, சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். கையில் டிபன் பாக்ஸ். நைனா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் அதே ஆறே முக்காலுக்குக் கிளம்பினார். எர்ணாவூர் குப்பத்துப் பக்கம் கடற்கரைக் கருங்கல் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். இப்படி ஒன்பது நாள். அம்மாவுக்கு இரண்டாம் நாளே தெரியும். சட்டையில் அழுக்கு இல்லையே. தெரிந்தும் டிபன் கட்டிக் கொடுத்தாள். பத்தாம் நாள் ராத்திரி "நின்னுட்டேன்" என்றார். "சரி, அதுக்கென்னா" என்று அம்மா தட்டை எடுத்து வைத்தாள்.

அந்த ஒன்பது நாளைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அது பொய் சொன்ன காலம் இல்லை. யாரும் கொடுக்காத நோட்டீஸ் காலத்தை அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார். வேலையில் இருக்கிறவன் என்ற நிலையிலிருந்து இல்லாதவன் என்ற நிலைக்கு நடந்து போக ஒரு மனிதனுக்குக் கொஞ்ச நாள் வேண்டியிருக்கிறது. கடன் கொடுத்தவனிடம் என்ன சொல்வது, ஸ்கூல் பீஸுக்கு யாரைக் கேட்பது, யார் முகத்தில் முதலில் விழிப்பது என்று அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சட்டம் ஒரு மாதம் என்று சொல்வது இதைத்தான். கூலிக் கணக்காக மட்டும் பார்த்தால் இது புரியாது.

அதனால்தான் 'நோட்டீசுக்குப் பதிலாகக் கூலி' என்ற வழி எனக்கு உறுத்துகிறது. பணம் வேண்டாம் என்று சொல்கிற வசதி நமக்கு இல்லை. கொடுத்தால் வாங்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்த மாதத்தில் என்ன இருக்கிறது, அதற்குப் பதிலான பணத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். நோட்டீஸ் வாங்கியவர் அந்த ஒரு மாதமும் தினம் கேட்டுக்குள் போகிறார். கூட வேலை பார்க்கிறவர்களோடு சாப்பிடுகிறார். "என்னா காரணம் போட்டிருக்கான்?" என்று நாலு பேர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்கிறார்கள். அடுத்தது யார் என்று பேச்சு கிளம்புகிறது. காரணம் என்று ஒன்றை எழுதிவிட்டால் அதை மறுத்துப் பேசலாம், பொய் என்று காட்டலாம். பணத்தைக் கையில் கொடுத்து அன்றைக்கே வெளியே அனுப்பினால் இந்தப் பேச்சு எதுவும் நடக்காது. முதலாளி விலை கொடுத்து வாங்குவது அந்த மௌனத்தைத்தான் எனலாம்.

ஒரு மாதம் தாங்குவது என்பதும் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நிலமோ, சொந்த வீடோ, அரசு வேலையில் ஒரு அண்ணனோ இருப்பவருக்கு ஒரு மாதம் ஒரு மாதம்தான். அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைக்கிற வீட்டுக்கு அது ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிடும். 1921-ல் பெரம்பூர் பின்னி ஆலைகளின் வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பெரும் பகுதி வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. சங்கத்தின் வரலாற்றில் சேரிக்குக் 'கருங்காலி' என்ற பெயர் நின்றுவிட்டது. ஆறு மாதம் கூலி இல்லாமல் இருக்கச் சேரியில் என்ன சேமிப்பு இருந்தது என்ற கணக்கை அந்தப் பெயரை வைத்தவர்கள் போடவில்லை. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இவ்வளவு போதும்.

'கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும்' என்ற விதியும் அப்படித்தான். ஆட்குறைப்பில் பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக எழுதிய நியாயமான விதி. சங்கங்கள் இதற்காகப் போராடியிருக்கின்றன. ஆனால் நிரந்தர வேலைக்குள் கடைசியில் வந்தது யார்? தாத்தா காலத்திலிருந்து வெளியே நிறுத்தப்பட்டு, இப்போதுதான் உள்ளே ஒரு கால் வைத்தவர். அவரைச் சீனியாரிட்டி முதல் ஆளாக வெளியே அனுப்பும். வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது; வரிசையில் நம்மை எப்போது நிற்க விட்டார்கள் என்பதில்தான் பிரச்சினை.

நோட்டீசின் வரலாற்றைத் தோண்டினால் இன்னொன்று கிடைக்கிறது. ஆரம்பத்தில் அது தொழிலாளி முதலாளிக்குக் கட்ட வேண்டிய கடனாகத்தான் இருந்திருக்கிறது. 1859-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியோ வேலையை விட்டுப் போய்விட்டால் மாஜிஸ்திரேட் அவரை வேலைக்குத் திரும்பச் சொல்லலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி ஆளை விரட்டிவிட்டால் அவருக்குச் சிறை கிடையாது. அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 1925 வரை ஆயிற்று. செங்கல்பட்டுச் சீமையில் படியாளாகக் கிடந்த நம் முன்னோருக்கு இந்தச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. விட்டுப் போகவே முடியாதவனுக்கு நோட்டீஸ் எதற்கு?

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தத் திசை உடனே மாறிவிடவில்லை. 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணம். கர்நாட்டிக் ஆலையில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் அன்றைக்கு லீவு கேட்டார்கள், நிர்வாகம் தரவில்லை. சாயங்காலம் நாலு மணி, நாலரை, ஐந்து என்று ஒவ்வொரு பிரிவாக மிஷினை விட்டு விலகி நின்றார்கள். எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டது: நீங்கள் செய்தது சட்டவிரோத வேலைநிறுத்தம், உங்கள் தொடர்ச்சியான பணி முறிந்துவிட்டது, சம்பளத்தோடு கூடிய விடுமுறை கிடையாது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. நோட்டீஸ் கொடுக்காமல் நின்றதால் அது சட்டவிரோதம்தான், தொடர்ச்சி முறிந்ததுதான் என்று 1952-ல் நீதிமன்றம் சொன்னது. நாலு மணி நேரம்! ஒரு வருஷத்து உழைப்பின் தொடர்ச்சியை முறிக்க அது போதும். அதே காலக்கட்டத்தில் ஒரு மேஸ்திரி ஒரு தற்காலிகத் தொழிலாளியை வாழ்நாள் முழுக்க நோட்டீஸ் இல்லாமல் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அதனால் யாருடைய தொடர்ச்சியும் முறியாது.

1938-ல் பம்பாய் சட்டசபையில் தொழிற்தகராறு மசோதா வந்தபோது அம்பேத்கர் எதிர்த்து நின்றதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குவது, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலை செய்ய வைப்பது. அதற்கு அடிமைத்தனம் என்று பெயர் என்பது அவர் வாதம். அந்த நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தியது. பிறகு 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது; வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் வைக்க வேண்டும் என்ற நிலையாணைச் சட்டம் அந்தக் காலத்தில் வந்தது. அவர் படத்தை மாட்டுகிற தொழிற்சங்கங்களும், சங்கக் கொடியைப் பிடிக்கிற நம் இளைஞர்களும் இந்த அம்பேத்கரைக் கொஞ்சம் குறைவாகவே படிக்கிறோம். இன்றைய தொகுப்பில், முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த நோட்டீஸ் எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் வந்துவிட்டது: 14 நாள். ஒப்பந்தக் காலம் முடிந்து அனுப்பப்படுகிறவருக்கு நோட்டீஸ் கிடையாது; அவர் நிறுத்தம் செய்ய வேண்டுமானால் நோட்டீஸ் வேண்டும்.

இந்த இடத்தில் தோழர்கள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "நோட்டீஸ் கேட்பது என்றால் வேலையை விட்டு அனுப்புகிற உரிமையை ஒப்புக்கொள்வதாகாதா? நிரந்தரம் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு மாத அவகாசம் கேட்பது கெஞ்சல் இல்லையா?" நேர்மையான கேள்விதான். கழுத்தை வெட்டுகிறவனிடம் கத்தியைக் கழுவிவிட்டு வெட்டு என்று கேட்பது போலத் தோன்றலாம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்.சுந்தரமணி வழக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்டேட் வங்கியில் விட்டு விட்டு வேலை பார்த்த தற்காலிக ஊழியர். கடைசியாக அவருக்குக் கொடுத்தது ஒன்பது நாள் வேலை. ஒன்பது நாள் முடிந்தால் தானாக வேலை முடிந்தது என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. துண்டு துண்டாகச் செய்த நாட்களைக் கூட்டினால் 240 வருகிறது. வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1976-ல் எழுதிய தீர்ப்பு, எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான். முடியப் போகும் தேதியை ஆணையிலேயே ஒளித்து வைத்தால் நோட்டீசிலிருந்து தப்ப முடியாது என்றது. நோட்டீஸ் கொடுக்காமல் அனுப்பியதால் அனுப்பியதே செல்லாது என்றானது. வெறும் அவகாசம் என்று நினைத்தது வேலையையே திருப்பிக் கொடுத்தது. இதன் பலம் யாருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஆள்பவர்களுக்குப் புரிந்தது. 1984-ல் சட்டத்தில் ஒரு சின்ன உட்பிரிவைச் சேர்த்தார்கள்: ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஒரு வரிதான். இன்றைக்கு எட்டு மாத ஒப்பந்தம், பதினோரு மாத ஒப்பந்தம் என்று போடுகிற எல்லாக் கம்பெனியும் அந்த ஒரு வரிக்குள்தான் குடியிருக்கிறது. ஒன்றுக்கும் உதவாத உரிமை என்றால் அதைப் பறிக்க இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

(தனியார் பள்ளித் தமிழாசிரியர்களைக் கேளுங்கள். ஏப்ரலில் நிறுத்தி ஜூனில் 'புதிதாக' எடுப்பார்கள். அவர்களும் தொழிற்தகராறுச் சட்டத்துக்குப் போக முடியாது. ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் தீர்ப்பு. அது கோவாவில் வேலை பார்த்த ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கு. தொழிலாளி என்பதைவிட உயர்ந்த பெயர் கொடுத்தே ஒரு மாத நோட்டீசைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதற்கு உதாரணம். இன்னொன்று: தொழிலாளர் உரிமை பற்றி வழவழப்பான அறிக்கை அச்சடித்த ஒரு அலுவலகம், புராஜெக்ட் முடிந்ததும் கூட்டிப் பெருக்கிய அம்மாவை அன்று சாயங்காலமே அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அறிக்கையில் அந்த அம்மாவின் போட்டோ இருந்தது.)

நம் ஆட்களுக்கும் அறிவிப்புக்கும் உள்ள உறவு நீண்டது. ஊருக்கு எது நடந்தாலும் முதலில் சொன்னவன் நம் ஆள். வரி, ஏலம், ஜப்தி, திருவிழா என்று எல்லாவற்றையும் பறை அடித்துச் சொன்னான். மணிமேகலையின் விழாவறை காதையில் யானை மேல் முரசு ஏற்றி நகரத்துக்கு விழாவை அறிவிக்கிறவன் முதுகுடியில் பிறந்தவன் என்றே வருகிறான். ஊரில் சாவு விழுந்தால் ராத்திரியோ மழையோ, உறவுக்காரர் ஊர் ஊராக நடந்து இழவு சொல்லப் போனதும் அவன்தான். 2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்; அதுவரை அது நடந்துகொண்டுதான் இருந்தது. இப்படி ஊருக்கே முன்னறிவிப்பாக இருந்த சாதிக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லப்பட்டதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் மூச்சு திணறித்தான் எழுந்தார்கள். மூக்குதான் அவர்களுக்கு நோட்டீஸ்.

2025 ஆகஸ்டுக்கு வருவோம். சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் துப்புரவுப் பணி தனியார் கம்பெனிக்குப் போயிற்று. நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பேரில் பல ஆண்டுகளாகத் தெருவைக் கூட்டிய ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், பெரும்பாலும் நம் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்னால் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். மாதம் 23,000 ரூபாய் அளவுக்கு வாங்கிக்கொண்டிருந்த கூலி கம்பெனியில் 16,000 அளவுக்கு இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. வேலை நிபந்தனையை மாற்றுவதற்கு 21 நாள் முன்னால் நோட்டீஸ் தரவேண்டும் என்று அப்போது நடைமுறையில் இருந்த சட்டம் சொன்னது. நிரந்தரம் கேட்டுத் தகராறு நிலுவையில் இருக்கும்போது நிபந்தனையை மாற்றக்கூடாது என்றும் சொன்னது. சங்கம் இதைத்தான் கேட்டது. எதிர்த்தரப்பின் நியாயம் எளிமையானது: இவர்கள் சுய உதவிக்குழுக்கள் வழியாக வந்தவர்கள், மாநகராட்சி ஊழியர்களே இல்லை. நியமிக்காதவரை நீக்க முடியாது, நீக்காதவருக்கு நோட்டீஸ் எதற்கு? கொரோனாக் காலத்தில் இவர்களுக்குத்தான் 'முன்களப் பணியாளர்' என்று கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு நியமன ஆணை தேவைப்படவில்லை.

பதின்மூன்றாம் நாள், நடைபாதையை விட்டு அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று நள்ளிரவே போலீஸ் வந்து நூற்றுக்கணக்கானவர்களைப் பஸ்ஸில் ஏற்றியது. காலையில் துப்புரவுப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட புதிய திட்டங்களை அரசு அறிவித்தது. தனியாருக்கு விடும் தீர்மானத்தில் தலையிட மறுத்த நீதிமன்றம், கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் நின்றது. சோற்றுக்கு முன்னறிவிப்பு வந்தது.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்கலாம். எந்தக் கான்ட்ராக்டர் பேரில் கூலி வந்தாலும் ஒரே கேட்டுக்குள் போன நாட்களைச் சேர்த்து எண்ண வேண்டும். நோட்டீசை அந்த கேட்டுக்குச் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும், தமிழில் கொடுக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு ஆள் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். வீட்டு வேலைக்காரம்மாவுக்கும் ஒரு மாதம். சட்டம் இதைத் தரும்வரை காத்திருக்கவும் முடியாது. நிரூபிக்க வேண்டியவர் நாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் குடியிருப்பில் போன வருஷத்திலிருந்து சில மாணவர்கள் வீடு வீடாக நாற்பது பக்க நோட்டு கொடுத்து வருகிறார்கள். தேதி, எந்த கேட், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சூப்பர்வைசர் பேர், வண்டி நம்பர். போனில் ஒரு போட்டோ. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு சுற்று வந்து எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.

மூணாவது பிளாக்கில் ஒரு அத்தைக்கு நோட்டு பிடிக்கவில்லை. முருகன் படம் போட்ட தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்காமல், வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் கண் மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தோம். 187.